நாலாவது டவுனில் உதைக்கலாமா, போகலாமா? பஃபலோ ரசிகன் ஒருவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பதினெட்டு வயது. எட்டு வயதில் ஈரோட்டிலிருந்து அப்பா அம்மாவோடு பஃபலோ நகரத்துக்கு வந்தேன். நியூயார்க் மாநிலம்தான், ஆனால் படங்களில் பார்க்கும் நியூயார்க் இல்லை. மாநிலத்தின் மேற்குக் கோடி, ஈரி ஏரிக்கரை, நயாகராவுக்குப் பக்கம். பத்து வயதில் அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம் பிடித்தது. இன்னும் விடவில்லை. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களும் பழைய வகுப்புத் தோழர்களும் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். நான் எங்கள் ஊர் அணியான பஃபலோ பில்ஸ் ஆள்.

பேர் ஃபுட்பால். ஆனா கையில தூக்கிட்டு ஓடுறாங்களே?

இது பாட்டியின் கேள்வி. நியாயமானதுதான். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்தையும் ரக்பியையும் கலந்துகட்டி ஆடினார்கள். அது மெல்லத் தனி ஆட்டமாகப் பிரிந்தபோது பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்ததே 1906-ல்தான். அதுவரை கட்டிப்பிடித்து முட்டி மோதிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். காலுக்கும் வேலை இல்லாமல் இல்லை. எங்கள் ஊர் அழுத அழுகையில் பாதி அந்தக் காலால் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விதிமுறையைச் சுருக்கமா சொல்லு, பார்ப்போம்.

மைதானம் நீளம் 100 யார்டு. யார்டு என்றால் மூன்றடி, நம்ம பழைய கஜம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் பேர் டவுன். நான்குக்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி புதுசாக நான்கு கிடைக்கும். முடியாவிட்டால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி; அதோடு ஓர் உதை உதைத்துக் கூடுதலாக 1 எடுக்கலாம், துணிந்தால் ஓடியோ எறிந்தோ 2 எடுக்கலாம். தூரத்திலிருந்து இரண்டு கம்பத்துக்கு நடுவில் உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி.

இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் தண்டனைக் கொடி வீசும்போது கற்றுக்கொள்ளலாம். நானே இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அப்போ நாலாவது டவுன்ல என்ன பெரிய விஷயம்?

எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததற்குக் காரணமே அதுதான். மூன்று வாய்ப்பு முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு யார்டு பாக்கி என்று வையுங்கள். மூன்று வழி இருக்கிறது. பந்தைத் தூரமாக உதைத்து எதிரியை அவன் வீட்டு வாசலுக்கே தள்ளிவிடலாம். அதற்குப் பேர் பன்ட். கம்பம் எட்டும் தூரமென்றால் ஃபீல்டு கோல் உதைத்து மூன்று புள்ளியோடு வரலாம். மூன்றாவது, ‘போவது’. இருக்கும் கடைசி வாய்ப்பையும் பணயம் வைத்து அந்த இரண்டு யார்டை எடுக்கப் பார்ப்பது. எடுக்க முடியாவிட்டால் எதிரிக்குப் பந்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி.

பல வருஷம் பயிற்சியாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு உதைத்துவிடுவார்கள். உதைத்துத் தோற்றால் யாரும் திட்டுவதில்லை. போய்த் தோற்றால் மறுநாள் ரேடியோவில் மானம் போகும். பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் டேவிட் ரோமர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, அணிகள் தேவைக்கு மேல் உதைக்கின்றன என்று 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார். பத்து வருஷம் கழித்துத்தான் மெல்ல மெல்ல அணிகள் துணிந்தன.

இன்று துணிச்சலுக்குப் பேர்போனவர் டெட்ராய்ட் லயன்ஸ் பயிற்சியாளர் டான் கேம்பல். 2024 ஜனவரி 28, சான் ஃபிரான்சிஸ்கோவோடு ஆட்டம். ஜெயித்தால் டெட்ராய்டுக்கு முதல் சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதி ஆட்டம். பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் இரண்டு தடவை, ஃபீல்டு கோல் எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு ‘போவோம்’ என்றார். இரண்டும் கைகூடவில்லை. 34-31, தோல்வி. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் மறுநாள் என்னைப் பார்த்ததும், “பார்த்தியா உன் கணக்கு வாத்தியாரை?” என்றார். அவர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலாவது டவுன் என்றால் உதைத்தே ஆக வேண்டும் என்ற கட்சி. நான் போகிற கட்சி. கேம்பல் செய்தது சரி என்று இப்போதும் சொல்வேன். முதல் தடவை எறிந்த பந்து ரிசீவர் கைக்கு வந்து நழுவியது. அதற்குப் பயிற்சியாளர் என்ன செய்வார்?

நின்னு நின்னு ஆடுறாங்களே, போரடிக்காதா?

அறுபது நிமிட ஆட்டம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பந்து உண்மையில் நகர்வது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அப்பா இன்றைக்கும் இதைச் சொல்லிக்காட்டுவார். ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் பார்க்கிறவர் சொல்லலாமா என்று கேட்டால் பதில் வராது.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் போரடிக்காது. ஒரு டவுன் முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி. பயிற்சியாளர் அதில் அடுத்த திட்டத்தைச் சொல்வார். கடிகாரத்தில் 15 விநாடி இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதற்குப் பிறகு அவன் தனி ஆள். எதிரில் நிற்பவர்களின் கால், தோள், யார் யாரைப் பார்த்து நிற்கிறார்கள் என்று நோட்டம் விட்டு, திட்டத்தையே மாற்றிக் கத்துவான். எதிரணி அதைப் பார்த்துத் தன் ஆட்களை இடம் மாற்றும். உடனே இவன் மறுபடி மாற்றுவான். அடுத்த தடவை ஹெல்மெட்டின் பின்பக்கம் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒலிபெருக்கி இருக்கிற தலை அது. தடுப்பாட்டத்திலும் ஒருவருக்கு உண்டு.

எத்தனையோ அணி இருக்கே, ஏன் பஃபலோ?

வீடு இங்கே. அதுவே போதும். ஆனாலும் தேதி சொல்ல முடியும்: 2017 டிசம்பர் 31. அன்றைக்கு வரை பில்ஸ் 17 வருஷமாகப் பிளேஆஃப், அதாவது சீசன் கடைசியில் வரும் நாக்-அவுட் சுற்று, பக்கமே போனதில்லை. மயாமியில் தங்கள் ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள், ஆனால் அது போதாது. சின்சினாட்டியோடு ஆடும் பால்டிமோர் தோற்க வேண்டும். சின்சினாட்டிக்கு நாலாவது டவுன், 12 யார்டு பாக்கி, ஒரு நிமிடம்கூட இல்லை. ஆண்டி டால்டன் எறிந்தார், டைலர் பாய்ட் பிடித்து ஓடினார், 49 யார்டு, டச்டவுன். பால்டிமோர் காலி.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதாம் உரித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரே கூச்சல். எதிர்வீட்டுப் பெரியவர் பனியில் செருப்பில்லாமல் வெளியே வந்து நின்றார். ஏதோ விபத்து என்று அம்மா பயந்துவிட்டாள். ஆடினது யாரோ, ஊர் யாரோ, இந்தத் தெரு ஏன் அழுகிறது என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளத் தேட ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. அடுத்த சில நாட்களில் பஃபலோக்காரர்கள் டால்டனின் அறக்கட்டளைக்கு ஆளுக்குப் 17 டாலர் என்று அனுப்பத் தொடங்கினார்கள். வருஷத்துக்கு ஒரு டாலர்.

தொடர்ந்து நாலு ஃபைனல் தோத்த அணின்னு கூகிள் சொல்லுதே?

ஆமாம். 1991 முதல் 1994 வரை, நாலு ஜனவரி, நாலு சூப்பர் பவுல். முதலில் நியூயார்க் ஜெயன்ட்ஸ், அடுத்து வாஷிங்டன், அப்புறம் டல்லாஸ், மறுபடி டல்லாஸ். வேறு எந்த அணியும் தொடர்ந்து நாலு தடவை போனதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலாவதுதான் கொடுமை. 20-19, ஒரு புள்ளி பின்தங்கல், எட்டு விநாடி மீதி. எங்கள் ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைத்தார். பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது. ‘வைட் ரைட்’ என்ற இரண்டு சொல்லை இந்த ஊரில் சாதாரணப் பேச்சில்கூடப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். மறுநாள் நகர மன்றத்தின் முன்னால் கூடிய கூட்டம் நார்வுடைத் திட்டவில்லை. அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு மேடைக்கு வரச் சொன்னது. பெரியவர் அந்தக் கூட்டத்தில் இருந்தாராம். அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் நான் குறுக்கே பேச மாட்டேன்.

இன்னொன்று: 1993 ஜனவரி 3, ஹூஸ்டனுக்கு எதிராக 35-3 என்று பின்தங்கி, மாற்று குவார்ட்டர்பேக் ஃபிராங்க் ரைக்கை வைத்துக்கொண்டு சமநிலையானால் ஆடும் ஓவர்டைமில் 41-38 என்று ஜெயித்தது. அவ்வளவு பின்தங்கி ஜெயித்த சாதனை 2022 டிசம்பர் வரை நின்றது.

அந்த ‘13 விநாடி’ என்னது?

கேட்காமல் இருந்திருக்கலாம். சரி.

2022 ஜனவரி 23, கன்சாஸ் சிட்டி. எனக்குப் பதினாலு வயது. எங்கள் ஆள் ஜாஷ் ஆலன் எறிய, கேப்ரியல் டேவிஸ் அன்றைய நாலாவது டச்டவுனைப் பிடித்தார். 36-33. மிச்சம் 13 விநாடி. அம்மா எழுந்துபோய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டாள். “முடிஞ்சுதுல்ல?” என்றாள். முடிந்தது என்றேன்.

பில்ஸ் தொடக்க உதையை நேராக எதிர்க்கோடியைத் தாண்டி உதைத்தார்கள். அப்படி உதைத்தால் கடிகாரம் ஓடாது. தரையில் உருட்டிவிட்டிருந்தால் எவனாவது எடுத்து ஓட, நாலைந்து விநாடி கரைந்திருக்கும். இதை நான் மட்டும் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது. பிறகு அவர்களுடைய குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் டைரீக் ஹில்லுக்கு எறிந்தது 19 யார்டு. டிராவிஸ் கெல்சிக்கு எறிந்தது 25 யார்டு. பட்கர் 49 யார்டிலிருந்து உதைத்தார். நேராகப் போனது. 36-36. முதல் தோசை வேகுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஓவர்டைமுக்கு நாணயம் சுண்டினார்கள். ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. அப்போதைய விதிப்படி முதலில் பந்து எடுத்த அணி டச்டவுன் போட்டால் ஆட்டம் அதோடு சரி. கெல்சி போட்டார், 42-36. ஆலன் கையில் பந்து வரவே இல்லை. அந்தச் சில மாதத்துக்குள் பிளேஆஃப் விதியை மாற்றி, இரண்டு அணிக்கும் ஒரு வாய்ப்பாவது உண்டு என்றார்கள். 2025-ல் சாதாரண சீசன் ஆட்டத்துக்கும் அதே விதி வந்தது. நம்மால் ஒரு சட்டமே மாறியது என்று சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். “ஜெயிச்சிருந்தா மாறியிருக்காதேடா” என்றார்.

பந்து எங்க நின்னுச்சுன்னு யார் சொல்றது?

மனிதக் கண். நம்புவீர்களா? கோடி கோடியாய்ப் பணம் புரளும் ஆட்டத்தில், ஆள்குவியலுக்குள்ளிருந்து எழுந்து வருகிற பந்து எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை ஓரத்திலிருந்து ஓடிவரும் நடுவர் தன் காலை ஊன்றிக் காட்டுவார். பிறகு, 2024 சீசன் வரை, 10 யார்டு சங்கிலியை இழுத்து வந்து, அங்குல சுத்தமாக அளந்தார்கள்! இடம் குத்துமதிப்பு, அளவு மட்டும் துல்லியம்.

2025 ஜனவரி 26, மறுபடி கன்சாஸ் சிட்டி, 22-21 என்று நாங்கள் முன்னிலை. கடைசிக் கால்பகுதியின் தொடக்கம், நாலாவது டவுன், ஒரு யார்டுகூட இல்லை. போனார்கள். ஆலன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு குவியலுக்குள் தலையை விட்டார். எங்கள் வீட்டு டிவியில் தாண்டியது தெரிந்தது. நடுவர் தாண்டவில்லை என்றார். மறு ஒளிபரப்பிலும் மாற்றவில்லை. முடிவு 32-29, அவர்களுக்கு. அந்த ஒரு டவுனை நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் அம்மா டிவியை விற்றுவிடுவாள். ஒவ்வொரு தடவையும் பந்து குவியலுக்குள் மறைந்துபோகிற அந்தக் கால் விநாடியில் எனக்கும் சந்தேகம் வருகிறது. அதை வெளியே சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

2025 சீசனிலிருந்து சங்கிலிக்குப் பதில் ஹாக்-ஐ கேமராக்கள் அளக்கின்றன, கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ பார்க்கிற அதே ஹாக்-ஐ. சந்தோஷப்படாதீர்கள். பந்தை எங்கே வைப்பது என்பது இன்னமும் நடுவரின் காலடிதான்.

பணக்கார ஊர் அணிதானே ஜெயிக்கும்?

இல்லை, இந்த விஷயத்தில் எங்கள் லீக் என்.எஃப்.எல் கெட்டி. 32 அணிகளும் தேசிய டிவி பணத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வீரர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு; 2025-ல் அணிக்கு 27.92 கோடி டாலர். கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை எடுக்கும்போது, போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வரிசை. அதனால்தான் ஒரு லட்சம் பேர் இருக்கிற கிரீன் பே மாதிரி ஊரும் அணி வைத்துக்கொண்டிருக்க முடிகிறது.

ஆலனே அப்படி வந்தவர்தான். கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற சின்ன ஊர், விவசாயக் குடும்பம். பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடி, பிறகு வயோமிங் போய், 2018-ல் ஏழாவது ஆளாக பில்ஸ் எடுத்தது. எறிவது குறி தப்புகிறது என்று வல்லுநர்கள் சொன்னார்கள். அப்போது உண்மையும்கூட. 2024 சீசனின் சிறந்த வீரர் விருது அவருக்கு.

ஆபத்தான ஆட்டமாச்சே? நீ ஆடுறியா?

ஆடுவதில்லை. அம்மா விடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிவம் கொண்டுவந்தேன், அது சமையலறை டிராயரில் இன்னும் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

2023 ஜனவரி 2, சின்சினாட்டியில் திங்கள் இரவு ஆட்டம். எங்கள் தடுப்பாட்டக்காரர் டமார் ஹாம்லின் ஒருவரைப் பிடித்து விழுத்தினார். எழுந்தார். இரண்டடி வைத்தார். அப்படியே மல்லாந்து விழுந்தார். நெஞ்சில் பட்ட அடியில் இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அமுக்கி, மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மறுபடி துடிக்க வைத்தார்கள். வீரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டு அழுதார்கள். ஆட்டம் நின்றது, பிறகு ரத்தானது. அவர் முன்பு குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க 2,500 டாலர் இலக்கு வைத்துத் தொடங்கிய நிதிக்கு, 80 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஹாம்லின் பிழைத்து, அடுத்த சீசனே ஆட வந்துவிட்டார். அவர் விழுந்த ஆறாம் நாள் நியூ இங்கிலாந்தோடு ஆட்டம். முதல் உதையைப் பிடித்த நைஹைம் ஹைன்ஸ் 96 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அன்றைக்கு அம்மா என்னோடு உட்கார்ந்து பார்த்தாள்.

ஆனால் அது அபூர்வமான விபத்து. தினசரி நடப்பதுதான் பயம். தலையில் திரும்பத் திரும்பப் படும் அடியால் மூளை சிதையும் நோய் ஒன்று உண்டு, சுருக்கமாக சி.டி.இ. 2002-ல் இறந்த பிட்ஸ்பர்க் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் மருத்துவர் பென்னட் ஒமாலு அதைக் கண்டுபிடித்தார். லீக் பல வருஷம் மறுத்தது, பிறகு முன்னாள் வீரர்களின் வழக்கில் இழப்பீடு கொடுக்க ஒத்துக்கொண்டது. இவ்வளவும் தெரிந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு டிவி முன்னால் உட்காருகிறேன். அது சரியா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

மேஜை மேல குதிச்சு உடைக்கிற கூட்டம் நீங்கதானே?

அது ஸ்டேடியத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நடக்கும். நான் பார்த்திருக்கிறேன், குதித்ததில்லை. மடக்கு மேஜை விலை ஏறியதற்கு எங்களைக் குற்றம் சொல்லாதீர்கள்.

பனியைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். 2024 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கோடு ஆட்டம், ஞாயிறு நடக்க வேண்டியது பனிப்புயலால் திங்களுக்குத் தள்ளிப்போனது. மணிக்கு 20 டாலர் தருகிறோம், வந்து பனியை அள்ளுங்கள் என்று அணியே ஊரைக் கூப்பிட்டது. பெரியவர் என்னைக் கூட்டிப்போனார். எங்கள் வரிசையில் யாரும் அள்ளியிருக்கவில்லை, இருக்கையே தெரியவில்லை. அவர் கொண்டுவந்திருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, பனியை மிதித்து ஒரு குழி பண்ணி, அதில் அட்டையைப் போட்டு உட்கார்ந்தோம். டச்டவுன் விழுந்ததும் எல்லாரும் பனியை வாரி மேலே எறிந்தார்கள். சட்டைக் காலருக்குள் இறங்கியது. ஜெயித்தோம், 31-17.

ஊரிலிருந்து பார்க்கணும்னா எப்போ?

இங்கே மதியம் ஒரு மணி ஆட்டம் இந்தியாவில் இரவு பத்தரை. நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு பதினொன்றரை. சூப்பர் பவுல் பிப்ரவரியில், உங்களுக்குத் திங்கள் விடியற்காலை ஐந்து மணி வாக்கில். புதிதாகப் பார்க்கிறவர்கள் முழு ஆட்டமும் பார்க்க வேண்டாம். கடைசிக் கால்பகுதிக்கு வாருங்கள், பந்தை விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரின் முகத்தைப் பாருங்கள்.

சித்தப்பா போன வருஷம் ஒரு நாள் அலாரம் வைத்து எழுந்து பார்த்தார். ஒன்றும் புரியவில்லை, தூக்கம் கெட்டதுதான் மிச்சம் என்று முதலில் ஒரு மெசேஜ். அரை மணி கழித்து இன்னொன்று: “நாலாவது டவுன். ஒரு கஜம்தான்டா பாக்கி. போகச் சொல்லுடா அந்த ஆளை!”